கிணற்றுக்குள் விட்டுவந்த அம்மன்

என் வலதுகை நடுவிரல் மேல்மூட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பேனை பிடித்தால் அது மட்டும் ஒத்துழைக்காது. திருகோணமலைத் துறைமுகத்தின் பாரந்தூக்கும் பகுதியில் வேலை செய்த கடைசி வருடங்களில், யார் கேட்டாலும் "வான் வண்டியின்ர கதவுக்குள்ள நசிஞ்சது" என்றே சொல்லிவந்தேன். போன மாதம் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் பேச வரும்படி அங்கே இப்போது இருக்கும் ஆட்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்றவனுக்கு மாலை போட்டு, கதிரையில் இருத்தி, பால் விடாத ஒரு பிளேன்டீயும் கொடுத்தால் அவன் எதையும் பேசுவான். நானும் பேசினேன். பாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை வைக்கிறவன் மடையன் என்று மேசையில் தட்டியே சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, புதிதாக வந்த பொறியியலாளர், மிக மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணை, உங்கட விரலுக்கு என்ன நடந்தது?"

வான் கதவு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது வெட்கமாக இருந்தது. அந்த விரல் நசிந்தது ஒரு அம்மன் சிலைக்கும் கிணற்றுக் கட்டுக்கும் நடுவில். அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் துறைமுகத்தில் சேர்ந்தது இருபத்தொரு வயதில். முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கயிறு சுற்றினேன், சங்கிலிக்குக் கிறீஸ் பூசினேன், ஏச்சு வாங்கினேன். நாலாம் வருடம் மஜீத் காக்காவின் கீழ் போட்டார்கள். வேலை என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் விளங்கியது.

மஜீத் காக்கா எங்கள் போர்மன். கிண்ணியா ஆள்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். மெலிந்த உடம்பு, எப்போதும் தோய்த்து மடித்த சட்டை. அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. எந்தப் பாரத்தையும் முதலில் மூன்று முறை சுற்றி நடப்பார். பிறகு குந்தியிருந்து அதன் அடியைப் பார்ப்பார். நிறை எவ்வளவு, பாரத்தின் நடு எங்கே என்று அவர் சொன்னால் கடதாசியில் உள்ள கணக்குப் பிழையாகலாம், அவர் சொன்னது பிழைக்காது. சிலிங் என்று நாங்கள் சொல்லும் தூக்குப்பட்டியை மாட்டிய பிறகு, சங்கிலிக் கப்பியான செயின் புளொக்கை இழுத்துப் பாரத்தை நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்கச் சொல்லுவார். அங்கேயே நிறுத்தவேண்டும். அதன் பிறகு பிளேன்டீ வரும். பாரம் அந்தரத்தில் தொங்க, இவர் ஒரு பெட்டியில் இருந்து ஊதி ஊதிக் குடிப்பார். கப்பல்காரர் துள்ளுவார்கள். அவர் பொருட்படுத்தமாட்டார்.

"தேத்தண்ணி முடியுமட்டும் அது அசையேல்ல எண்டா, எங்கள நம்பிட்டுது எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு தூக்கு" என்பார்.

அவருக்கு இன்னொரு விதி இருந்தது. தொங்கும் பாரத்துக்குக் கீழே மனிதன் நிற்கக்கூடாது. ஒருமுறை ஒரு கப்பலின் கப்டன், வெள்ளைத் தொப்பியும் தானுமாக, தொங்கும் இயந்திரத்துக்கு நேர் கீழே வந்து நின்று எங்களுக்கு வேலை காட்டத் தொடங்கினார். மஜீத் காக்கா பெட்டியில் போய் இருந்துகொண்டார். கப்டன் கத்தினார், இவர் கடலைப் பார்த்தார். கடைசியில் யாரோ கப்டனின் காதில் சொல்லி அவரை நகர்த்தினார்கள். "ராசா வந்தாலும் கீழ நிண்டா எனக்கு அவன் இறைச்சி. நான் இறைச்சிக் கடை வச்சிருக்கல்ல" என்று காக்கா எழும்பினார். வேலை தொடர்ந்தது.

கோயில்களுக்கு நான் பாரம் தூக்கப் போகத் தொடங்கியதும் அவரால்தான். திருகோணமலையில் எந்தக் கோயிலுக்குக் கொடிமரம் ஏற்றுவதென்றாலும், மணி மாட்டுவதென்றாலும், தேர்ச்சில்லு மாற்றுவதென்றாலும் துறைமுகத்து ஆட்களைத்தான் தேடுவார்கள். நகரத்தில் ஒரு கோயிலில் கொடிமரம் நாட்டியபோது மஜீத் காக்கா வாசலுக்கு வெளியே றோட்டில் நின்றுகொண்டு, உள்ளே எங்களுக்குக் கையாலேயே சைகை காட்டினார். உள்ளே வாருங்கள் என்று தர்மகர்த்தாவே வந்து கூப்பிட்டார். "நான் இஞ்ச நிண்டாத்தான் நேர் பார்க்கலாம்" என்றார் காக்கா. அது உண்மையும்தான், நாசூக்கும்தான். மரம் ஏறி நிமிர்ந்ததும் பொங்கல் தட்டு றோட்டுக்கே போனது. வெயிலில் நின்று அவர் அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அந்தக் காலத்தில் எனக்குக் கோயில் என்றால் பாரம். கோபுரத்தைப் பார்த்தால் கலசத்தின் நிறையும் சாரத்தின் பலமும்தான் கண்ணில் படும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கணக்கு நின்றுவிடும். காலையில் லோஞ்ச் படகில் கோணேசர் மலைக்குக் கீழாகப் போகும்போது எல்லோரும் கை எடுப்பார்கள். நானும் எடுப்பேன். மேலே செங்குத்துப் பாறை, அதன் உச்சியில் கோயில், கீழே கறுத்த ஆழம். அந்த மலையில் முன்னர் இருந்த பெரிய கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதாகச் சுழியோடிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். செயின் புளொக் இல்லாமல், வயர் இல்லாமல், அவ்வளவு கல்லை அந்த உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் மஜீத் காக்காவும் கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் மேலே பார்த்துவிட்டு, "இத ஏத்தினவங்களுக்கு ஆர் போர்மன்?" என்று கேட்டார்.

காக்கா ஓய்வுபெற்று, அடுத்த சில வருடங்களில் மௌத்தாகி அடக்கமும் ஆனார். அவருடைய பெட்டியில் நான் இருக்கத் தொடங்கினேன்.

இனி அந்தக் கிணற்றுக்கு வருகிறேன். சம்பூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், வயல்கரையில் ஒரு சின்ன அம்மன் கோயில். இரண்டாயிரத்து ஆறில் அந்தப் பக்கத்துச் சனம் முழுதும் இடம்பெயர்ந்தது. வருடக்கணக்காக முகாம்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஊர் காடாகிக் கிடந்தது. கோயிலில் மிஞ்சியது அத்திவாரமும் கோயில் கிணறும்தான். அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் சதாசிவக் குருக்கள். அறுபதைத் தாண்டியவர், கூன் விழாத முதுகு, பேச்சுக் குறைவு. மற்றவர் பூமணி அக்கா, கோயில் சபையின் செயலாளர். பேச்சு முழுவதும் அவருடையது.

"சனம் ஓடேக்க நகையக் கிணத்துக்க போட்டிட்டு ஓடும். நாங்கள் அம்மாவப் போட்டிட்டு ஓடினனாங்கள்" என்றார் பூமணி அக்கா. "செல் விழுந்து வெடிச்சுக்கொண்டிருந்தது. அம்மாவ ஆரும் உடைச்சுப்போடுவினம் எண்டு பயம். என்ர கூறைச் சீலையால சுத்தி, தேர்வடத்தக் கட்டி, பத்துப் பேர் பிடிச்சு இறக்கினது. இப்ப எடுக்கவேணும் தம்பி."

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் புதுச் சிலை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குருக்கள் வேண்டாம் என்றிருக்கிறார். கிணற்றில் இருப்பவள் முழுதாக வந்தால் அவள்தான் மூலஸ்தானத்தில் இருக்கவேண்டும். ஒரு கை, ஒரு விரல் உடைந்திருந்தாலும் பின்னமான சிலை, பூசைக்கு ஆகாது. கடலில் விடவேண்டியதுதான். ஆகவே இருக்கிறபடியே, ஒரு கீறலும் புதிதாகப் படாமல் அவள் மேலே வரவேண்டும். அதற்குத்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

சரி என்றேன். அப்போதுதான் குருக்கள் வாய் திறந்தார்.

"இரும்பு படக்கூடாது. என்னைத் தவிர வேற ஆரும் தொடக்கூடாது."

"அப்ப நான் என்னத்துக்கு ஐயா?"

"எனக்குச் சொல்லித்தாறதுக்கு" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தைந்து வருடம் பழகிய கை சும்மா இருக்க, பூவும் தண்ணீரும் மட்டும் தூக்கிய கை கட்டுவதா? இதென்ன நியாயம் என்று மனதுக்குள் முறுகினேன். ஆனாலும் சனி, ஞாயிறில் அங்கே போனேன். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் கிணற்றைப் பார்த்துச் சரி சொல்லியிருந்தார்கள். அதன் வாய் எட்டடி அகலம். தண்ணீரை இறைத்தால் அடியில் சேறு. குருக்களுக்குப் பழக்கிவிட ஒரு பாரம் வேண்டும். பூமணி அக்கா தன் வீட்டு உரலைக் கோயில் வளவுக்கு உருட்டிவந்தார்.

இரண்டு கிழமை அந்த ஐயர் உரலைக் கட்டினார். நான் துறைமுகத்திலிருந்து தட்டையான துணிச் சிலிங்குகளைக் கேட்டு வாங்கிவந்திருந்தேன். பட்டியை முறுக்காமல் அடியால் விடவேண்டும். இரண்டு பட்டி, இரண்டு இடம்: ஒன்று இருக்கைக்கு, ஒன்று தோளுக்குக் கீழே. கழுத்தில் போடக்கூடாது, கைகளுக்கு மேல் வரக்கூடாது. கட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் சேற்றுக்குள் கண் உதவாது. முதல் நாள் அவர் கட்டிய உரல் தலைகீழாகக் கவிழ்ந்தது. பூமணி அக்கா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அப்பால் போனார். குருக்கள் சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். எட்டாம் முறையோ ஒன்பதாம் முறையோ உரல் நேராக எழும்பியது. அன்றுமுதல் அவர்மேல் எனக்கிருந்த கோபம் கரையத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் கிழமை ஞாயிறு, மர நிழலில் இருந்து தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன். "ஐயா, இவ்வளவு காலம் கிணத்துக்க கிடந்த கல்லு. திரும்பவும் கும்பாபிஷேகம் செய்யத்தானே போறீங்கள். நான் தொட்டா என்ன வந்திடும்?"

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"ஒரு மூர்த்திய இடத்த விட்டு அசைக்கிறதெண்டா முதல்ல கலாகர்ஷணம் செய்யவேணும் தம்பி. கும்பம் வச்சு, மந்திரத்தால அம்மாவக் கல்லில இருந்து கும்பத்துத் தண்ணிக்கு எழுந்தருளப் பண்ணவேணும். அதுக்குப் பிறகு அது வெறும் கல்லு. ஆரும் தூக்கலாம், ஆரும் கட்டலாம். அண்டைக்கு அதுக்கு நேரம் இருக்கேல்ல. கும்பம் எடுக்கப் போனனான், மடப்பள்ளிக் கூரையில செல் விழுந்தது. எல்லாரும் கத்தினவை. நான் செய்யேல்ல."

செம்பை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"நாங்கள் கல்ல இறக்கேல்ல. அம்மாவத்தான் இறக்கினது. விளக்கு இல்லாம, நைவேத்தியம் இல்லாம, இருட்டுக்க விட்டிட்டு வந்தனான். முகாமில இருந்த நாளெல்லாம் விடிய எழும்பி இந்தத் திசையப் பாத்து ஒரு செம்புத் தண்ணி ஊத்துவன். வேற என்ன செய்யிறது?"

முந்நூறு கிலோக் கல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதைவிடப் பத்து மடங்கு பாரத்தைச் சிரித்துக்கொண்டே தூக்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கிணற்று வாயை எட்டிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தூக்கும் நாள் காலை ஊர் முழுதும் கூடிவிட்டது. தண்ணீரை முந்தின நாளே இறைத்திருந்தோம். கிணற்று வாய்க்கு மேல் இரும்புக் குழாய்களால் முக்காலி, நடுவில் செயின் புளொக். கப்பல் பக்கத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் கயிற்றில் தொங்கியபடி இருக்கிற பலகைக் கதிரை ஒன்றையும் கொண்டுவந்திருந்தேன். கிணற்றின் ஓரத்தில் தனிக் கப்பி போட்டு, நாலு பேரைக் கயிறு பிடிக்க வைத்து, குருக்களை அதில் இருத்தி இறக்கினேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, நெற்றி நிறைய நீறோடு, வாய் முணுமுணுக்க இறங்கினார். கையில் மண்வெட்டி இல்லை, ஒரு சிரட்டை. இரும்பு படக்கூடாது என்று சொன்னவர் சிரட்டையாலும் விரலாலும் சேற்றை அள்ளினார். வெயில் ஏறும்வரை அள்ளிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கீழேயிருந்து குரல் வந்தது. "தம்பி, அம்மா குப்புறக் கிடக்கிறா."

முகம் சேற்றுக்குள். முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலே தூக்கவேண்டும். பழகிய கட்டு நிமிர்ந்து நிற்கும் சிலைக்கானது. நான் கிணற்று ஓரத்தில் வயிற்றோடு படுத்து, தலையை உள்ளே விட்டு, அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தேன். தோளுக்குக் கீழால் கையை விடுங்கள், பட்டியை அந்தப் பக்கம் எடுங்கள், முறுக்கா என்று தடவுங்கள். அவர் கன்னம்வரை சேற்றில் புதைந்து, அம்மனைக் கட்டிப்பிடித்தபடி பட்டியை எடுத்தார். சரி என்றார். நானும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"ஐயா, இனி மேல வாங்கோ. நீங்கள் வந்தாப் பிறகுதான் தூக்குவன்."

"இல்லைத் தம்பி. தூக்குங்கோ. நான் பிறகு வாறன்."

"ஏலாது ஐயா. பாரத்துக்குக் கீழ ஆள் நிக்கக்கூடாது. இது என்ர சட்டம்."

அவர் சேற்றில் இருந்துவிட்டார். "நான் அம்மாவ விட்டிட்டு ஏறினது ஒருக்காப் போதும்" என்றார்.

மேலே சனம் என்னைப் பார்க்கிறது. கீழே அந்த மனிதர் அசைய மாட்டார். என் வாழ்க்கையில் ஒருநாளும் ஒருவரையும் கீழே வைத்துக்கொண்டு நான் பாரம் தூக்கியதில்லை. மஜீத் காக்கா செய்ததுபோல நானும் ஒரு கல்லில் போய் இருந்தேன். அவர் கப்டனை மறிக்க இருந்தார், எனக்கு யோசிக்க இடம் வேண்டியிருந்தது. பலகைக் கதிரையின் கயிறு கண்ணில் பட்டபோதுதான் வழி தெரிந்தது.

"ஐயா, கீழ நிக்கவேண்டாம். பக்கத்தில இருங்கோ. பலகையில ஏறுங்கோ. அம்மா ஒரு சாண் வந்தா நீங்களும் ஒரு சாண். அவவின்ர தோளில கைய வச்சுச் சுவரில படாமப் பிடியுங்கோ."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து பலகையில் இருந்தார்.

செயினை இழுத்தேன். பட்டி இறுகியது. முக்காலி முனகியது. அம்மன் வரவில்லை. சேறு பிடித்த பாரம் அப்படித்தான். அது உறிஞ்சி வைத்திருக்கும். வெட்டி இழுத்தால் சிலை ஒருபக்கமாகப் பிய்ந்து வரும், எங்காவது உடையும். "இழுங்கோ, இழுங்கோ" என்று பின்னாலிருந்து சத்தம். நான் செயினை இறுக்கமாகவே நிறுத்தி, கையை எடுத்துவிட்டேன்.

"பூமணி அக்கா, ஒரு பிளேன்டீ."

சனம் திகைத்தது. அம்மன் சேற்றில் கிடக்க இவனுக்குத் தேத்தண்ணியா என்று ஒரு கிழவர் கேட்டேவிட்டார். பூமணி அக்கா ஒன்றும் கேட்காமல் போய் ஊற்றிக்கொண்டு வந்தார். நான் ஊதி ஊதிக் குடித்தேன். அரைக் கோப்பை முடிகிற நேரம் செயினில் ஒரு சிறு நடுக்கம் ஓடியது. கீழே சேறு கொப்புளித்தது. பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்ட மாதிரி ஒரு சத்தம். குருக்கள் கூப்பிட்டார், அதுவும் என்னை இல்லை. "அம்மா" என்றார்.

நாலு விரல் உயரத்தில் அவள் தொங்கினாள். மிச்ச அரைக் கோப்பையையும் குடித்து முடித்தேன். அவள் அசையவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். செயினில் ஒரு சாண், கயிற்றில் ஒரு சாண். கிணற்று இருட்டிலிருந்து சேறு பூசிய அம்மனும் சேறு பூசிய ஐயரும் பக்கம் பக்கமாக ஏறி வந்தார்கள். அவருடைய ஒரு கை கயிற்றில், மறுகை அவளுடைய தோளில். காய்ச்சல்காரப் பிள்ளையை பஸ்ஸில் கூட்டிப்போகிற மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார். வெளிச்சம் முதலில் படுகிற இடத்துக்கு இருவரும் வந்தபோது, கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை சனமும் சத்தமே இல்லாமல் நிலத்தில் விழுந்தது. நான் செயினைப் பிடித்திருந்தபடியால் விழ முடியவில்லை. கோயில் என்பது நான் நினைத்தமாதிரிக் கல்லும் பாரமும் இல்லை என்று அப்போது தெரிந்தது. கூரையும் சுவரும் இல்லாத அந்த இடத்தில் அன்று இருந்தது கோயில்தான்.

அவள் கிணற்றுக் கட்டைத் தாண்டும் நேரம் பிழை நடந்தது. இறைத்த தண்ணீர் ஊறிய மண்ணில் முக்காலியின் ஒரு கால் இறங்கியது. விரற்கடை அளவுதான். பாரம் சாய்ந்து கட்டை நோக்கி வீசியது. அவளுடைய மடங்கிய கை நேரே கட்டில் மோதப்போகிறது. நான் யோசிக்கவில்லை. செயின் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதை விட்டேன். வலது கையை இடையில் வைத்தேன்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது குளிர். கிணற்றடிக் குளிர், வருடக்கணக்காகக் கல்லில் தங்கிய குளிர், என் உள்ளங்கையில் இருந்தது. தொட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. பலகையில் இருந்த குருக்களின் முகம் என் முகத்துக்கு ஒரு முழத்தில். அவர் எல்லாவற்றையும் கண்டார்.

"கைய எடுக்காதேங்கோ" என்றார்.

எடுக்கவில்லை. ஆட்கள் ஓடிவந்து கிணற்று வாய்க்குக் குறுக்கே பலகைகளைத் தள்ளி, வைக்கோல் பரப்பும்வரை அப்படியே நின்றேன். அவளை இறக்கிய பிறகு கையைப் பார்த்தேன். விரல் இருக்கவேண்டிய பக்கம் இருக்கவில்லை. யாரோ துவாயால் சுற்றினார்கள். நான் இடது கையால் செயினைத் தளர்த்த, குருக்கள் பக்கத்தில் பிடித்து அவளை மெல்ல நிமிர்த்தினார். பூமணி அக்கா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். சேறு வழிந்தது. நெற்றி, கண், மூக்கு, சிரித்தும் சிரிக்காத வாய். ஒரு கீறல் இல்லை. விரல் நகங்கள்கூட அப்படியே இருந்தன. தோளில் ஒட்டியிருந்த சேற்றில் பட்டு முழுதும் உக்கிப்போய், சரிகை நூல்கள் மட்டும் மஞ்சளாக மினுங்கின. பூமணி அக்கா அதைக் கண்டதும் குடத்தை வைத்துவிட்டு அழத் தொடங்கினார்.

நான் குருக்களிடம் போனேன். "ஐயா, நான் தொட்டிட்டன். இரத்தமும் பட்டிருக்கும். என்ன பரிகாரம் எண்டாலும் சொல்லுங்கோ, செய்யிறன்."

"நான் விட்டுப்போன பிழைக்கே இண்டைக்குத்தான் பரிகாரம் செய்யப்போறன். உங்கடது அதுக்குள்ள கழுவுப்படும். இருங்கோ" என்றார்.

குளித்து ஈர வேட்டியோடு வந்தார். கிணற்றடியிலேயே, அவள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், நெல் பரப்பிக் கும்பம் வைத்தார். நூல் சுற்றிய கும்பம், மாவிலை, தேங்காய். அம்மனின் மார்பிலிருந்து கும்பம்வரை தர்ப்பையை நீட்டினார். அன்று செல் விழுந்தபோது செய்யாமல் விட்டதை எழுத்து எழுத்தாகச் செய்தார். மந்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் வேலை தெரிந்தவன் வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஒரு அவசரம் இல்லை, ஒரு அசைவு வீண் இல்லை. முடித்ததும் கும்பத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அம்மனைத் தற்காலிகமாக வைத்திருப்பதற்குப் போட்ட தகரக் கொட்டகைக்கு நடந்தார். சனம் முழுதும் அந்தக் கும்பத்துக்குப் பின்னால் போனது. கல் கிணற்றடியில் தனியே கிடந்தது. நானும் அதுவும்.

அந்தப் பொறியியலாளர் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் நான் சொன்னது சரிதான். பாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை வைக்காதே, மகள். முக்காலியின் காலுக்குக் கீழே பலகை போட்டிருந்தால் எனக்கும் அது நேர்ந்திருக்காது. ஈர மண்ணைப் பார்த்தும் போடாமல் விட்டது என் பிழை, அதை அம்மன்மேல் போட ஏலாது.

குருக்கள் திரும்பி வந்தார். அந்தக் கல்லையும் கொட்டகைக்குக் கொண்டுபோகவேண்டும், அதற்கு மறுபடி சிலிங் போடவேண்டும். பட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப இது வெறும் கல்லுத்தான் தம்பி. இனி நீங்கள் தொடலாம்."

இடது கையில் பட்டியை வாங்கினேன். முந்நூறு கிலோக் கருங்கல். அதன் நடு எங்கே என்று எனக்குத் தெரியும், பட்டி எங்கே வரவேண்டும் என்றும் தெரியும். குனிந்தேன். ஈரம் காய்ந்துகொண்டிருந்த அந்த முகம் என்னைப் பார்த்தபடி கிடந்தது. கை அதன் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு சொல்லியும் அதற்கு அப்பால் போகவில்லை.

"ஏலாது ஐயா. நீங்களே கட்டுங்கோ" என்று பட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, முழந்தாளில் இருந்து, உரலில் பழகியபடி கட்டினார். நான் திருத்த அதில் ஒன்றும் இருக்கவில்லை.